வாழை என்று ஒரே ஒரு வரி: குமரி மாவட்டத்துப் பழங்களின் கதை

தமிழக அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை ஒவ்வொரு ஆண்டும் 'பருவம் மற்றும் பயிர் அறிக்கை' என்று ஒன்றை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்தில் எந்தப் பயிர் எத்தனை ஹெக்டேரில் விளைந்தது என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும். கல்லூரியில் ஒரு செமினாருக்காக அதைப் புரட்டியபோதுதான் இந்தக் கட்டுரைக்கான எண்ணம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நேரே 'வாழை' என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது போய் "வாழைப்பழம் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் பழம்?" என்று திருப்பிக் கேட்பார். மட்டி, ஏத்தன், செந்துளுவன், வெள்ளைத் துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், சிங்கன், பேயன், மொந்தன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. சிறு பிள்ளைக்கு முதலில் கொடுப்பது ஒன்று, புட்டோடு பிசைவது ஒன்று, வற்றல் போடுவது ஒன்று, வெற்றிலையோடு தாம்பாளத்தில் வைப்பது ஒன்று. அறிக்கைக்கு எல்லாம் ஒன்றுதான்!

உற்பத்தியின் போக்கு, நிலைத்தன்மை என்று பொருளாதாரப் பாடத்தில் இரண்டு சொற்கள் வரும். போக்கு என்றால் வருடா வருடம் கூடுகிறதா குறைகிறதா என்பது. நிலைத்தன்மை என்றால் அந்தக் கூடுதலும் குறைவும் சீராக நடக்கிறதா, தாறுமாறாகத் தாவுகிறதா என்பது. ஒருவருக்கு ஐந்து வருடமும் 10, 10, 10, 10, 10 குலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு 16, 4, 18, 2, 10. இரண்டு பேருக்கும் சராசரி பத்துதான். ஆனால் இரண்டாவது ஆள் நான்காம் வருடம் கடன் வாங்கியிருப்பார். இந்தத் தாவலை அளக்க மாறுபாட்டுக் கெழு என்ற கணக்கு இருக்கிறது. போக்கின் பாதிப்பை நீக்கிவிட்டுத் தாவலை மட்டும் அளக்க, கடி, டெல்லா வல்லே என்ற இருவர் 1978-ல் ஒரு குறியீட்டைக் கொடுத்தார்கள். விவசாயப் பொருளாதார ஆய்வுகளில் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள்.

கணக்கில் தப்பில்லை. 'வாழை' என்ற ஒரே வரிக்கு அதைப் போட்டால் என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி. பத்து வகை வாழை போய் ஒரே வகை வாழை வந்தாலும் அந்த வரி அசையாமல் நிற்கும். குமரியில் வகைகள் இன்னும் அழியவில்லை, ஆனால் வண்டி அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலமும் விளையும்

முதலில் ஒரு திருத்தம். நாஞ்சில் நாடு என்றால் முழுக் குமரி மாவட்டமும் அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. கல்குளம், விளவங்கோடு பகுதிகள் அதற்கு மேற்கே உள்ளவை. வெளியூர் நண்பர்கள் எல்லாவற்றையும் சேர்த்து நாஞ்சில் நாடு என்றே சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் பழத்தின் கதைக்கு இந்த வேறுபாடு முக்கியம். கிழக்கே வயல், மேற்கே விளை. விளை என்றால் மேட்டுத் தோட்டம். செம்பொன்விளை, ஆலன்விளை என்று ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயலில் நெல், விளையில் தென்னை, பலா, மா, வாழை, கமுகு, மரச்சீனி, நல்லமிளகு எல்லாம் கலந்து நிற்கும்.

தமிழ்நாட்டின் மற்ற பல மாவட்டங்களுக்கு இல்லாத ஒரு கொடுப்பினை எங்களுக்கு உண்டு. இங்கே தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். சராசரியில் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் 500 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்று ஏமாற்றினால் மற்றொன்று கைகொடுக்கும். இது இயற்கை கொடுத்த நிலைத்தன்மை.

மனிதர்கள் கொடுத்தது பேச்சிப்பாறை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை மிஞ்சின் என்ற வெள்ளைக்கார என்ஜினீயரின் பொறுப்பில் கட்டப்பட்ட அணை. அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் பலர் அதைப் பார்க்காமலே படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணை வந்தது. 1966-ல் மாத்தூர் தொட்டிப்பாலம் கட்டப்பட்டு, 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலங்களுக்காகத் தண்ணீர் போனது. மானாவாரியாகக் கிடந்த விளைகளில் வாழையைப் பெரிய அளவில் நினைத்துப் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்தில் ஒரு வேடிக்கை. விளைகளுக்கு அன்று வரி போட்டது பரப்பைப் பார்த்து அல்ல, மரத்தைப் பார்த்து. தென்னை, கமுகு, பலா போன்ற மரங்களை எண்ணி வரி விதித்தார்கள். 1946-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் வந்த அடிப்படை வரிச் சட்டம் அதை மாற்றி ஏக்கருக்கு ஒரே வரி என்று ஆக்கியது. மக்களுக்கு அது நிம்மதிதான், சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வரி வாங்குவதற்காகவாவது ஒரு காலத்தில் முற்றத்துப் பலாவை யாரோ வந்து எண்ணியிருக்கிறார்கள். இன்று கிணற்றடியில் தனியாக நிற்கும் பலா எந்த ஹெக்டேர் கணக்கில் சேரும்?

பலாவை எங்கள் ஊரில் சக்கை என்போம். (இதே சொல்தான் மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, கடைசியில் ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆனது.) சுளை கெட்டியாக இருந்தால் வருக்கை, குழைந்திருந்தால் கூழன். இது வெறும் பழம் அல்ல, பஞ்ச காலத்துச் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. தன் அரிசித் தேவையில் பெரும் பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த திருவிதாங்கூர் தவித்துப் போனது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பரப்பிவிட்டுப் போயிருந்த மரச்சீனியும் விளைகளில் நின்ற சக்கையும் அன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரிய வைத்தன. எங்கள் ஆச்சி அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது சக்கைக்கொட்டையைக்கூடக் கணக்குப் பண்ணித்தான் வைத்தோம் என்பாள்.

நான் நிலைத்தன்மை என்று சொல்வது இதைத்தான். விளையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் காய்த்தது. கோடையில் மாவும் சக்கையும். அவை முடிந்தால் மழையோடு மரச்சீனி. வாழை வருடம் முழுக்க, ஏதாவது ஒரு மூட்டில் ஒரு குலை. எதுவும் பெரிய லாபம் தரவில்லை, ஆனால் எல்லாம் ஒரே நாளில் கைவிடவும் இல்லை.

ஏத்தன் வந்த வழி

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாகாணத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. மொழிக்காக நடந்த பெரிய போராட்டம், உயிர்களும் போயின. அந்த வரலாற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எல்லைக்கோடு மாறியது. ஆனால் எங்கள் பழத்தின் சந்தை மாறவில்லை. அது திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில்தான் இருந்தது.

கேரளத்துக்கு வேண்டியது நேந்திரன், எங்கள் ஊர்ப் பேச்சில் ஏத்தன். ஓணத்துக்கு உப்பேரி வறுக்க ஏத்தங்காய் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கன்று நட்டால் பத்துப் பதினொரு மாதத்தில் குலை, சரியாக ஓணத்துக்கு. காயாகவே வெட்டி லாரியில் ஏற்றலாம். மட்டியையோ ரசகதலியையோ யாரும் காயாக வாங்கமாட்டார்கள், பழுத்த பிறகு அவை வெகுதூரப் பயணத்தைத் தாங்காது. செந்துளுவன் விலை போகும், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆக ஏத்தன் ஜெயித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் காலேஜ் பீஸைக் கட்டியது ஏத்தன்தான், நானும் அதில் படித்தவன். அதனால் 'பாரம்பரியத்தை விட்டுவிட்டார்கள்' என்று விவசாயிகளைத் திட்டும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் ஏத்தனுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டுப் பின்னால் நிற்கும் மட்டி மூடு ஒரு முறை வைத்தால் போதும். தாய் வெட்டியதும் பக்கக்கன்று வரும், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். ஏத்தனைப் பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாக நட வேண்டும். நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து, கன்று வாங்கி, உரம் வைத்து, கம்பு நட்டு முட்டுக் கொடுத்து... அதாவது ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவை எப்படி எடுக்கிறோம்? போன ஓணத்துக்கு என்ன விலை போனது என்று பார்த்து!

போன வருடம் நல்ல விலை என்றால் இந்த வருடம் எல்லோரும் நடுவார்கள். எல்லோருடைய குலையும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும். விலை விழும். அடுத்த வருடம் பாதிப் பேர் நடமாட்டார்கள், விலை ஏறும். மறுபடியும் எல்லோரும் நடுவார்கள். இதைப் பொருளாதாரத்தில் சிலந்திவலைச் சுழற்சி என்கிறார்கள். 1934-ல் நிக்கோலஸ் கால்டோர் என்பவர் அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். வரைபடத்தில் கோடு போட்டால் சிலந்தி வலை மாதிரியே வரும். வலையில் மாட்டுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு ரப்பரும் சேர்ந்துகொள்கிறது. குமரியின் மேற்கு, வடக்குப் பகுதிகளில் விளைகளை விழுங்கியது ரப்பர்தான், எத்தனையோ நாட்டு மாவும் பலாவும் அதற்காகச் சாய்ந்தன. ரப்பர்க் கன்று வைத்த முதல் இரண்டு மூன்று வருடம் நிழல் விழாது. அந்த இடைவெளியில் வாழை போடுவார்கள். ரப்பர் வளர்ந்து நிழல் மூடியதும் வாழை போய்விடும். ஆக ஒரு பகுதியில் வாழைப் பரப்பு கூடியது என்றால் வாழைக்கு நல்ல காலம் என்று அர்த்தமில்லை, அங்கே பழைய ரப்பரை வெட்டிப் புது ரப்பர் வைத்திருக்கிறார்கள் என்றும் இருக்கலாம். ரப்பர் விலை 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் வாழைக் கணக்கிலும் மறைவாக வந்து உட்காரும். கிழக்கே வேறு கதை. அங்கே நெல் கட்டுப்படியாகாமல் வயலிலேயே வரப்பு வெட்டி வாழை வைத்தார்கள். பிறகு தென்னை, பிறகு வீட்டு மனை. பல இடங்களில் வாழை என்பது வயல் மனையாகும் வழியில் இருக்கும் ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி. அறிக்கையில் அதுவும் 'வாழைப் பரப்பு அதிகரிப்பு' என்றே வரும்!

ஒரு வருடத்துக்குள் இரண்டு அடி

2017 நவம்பர் 30 காலை யாராலும் மறக்க முடியாது. ஒக்கி புயல். கடலுக்குப் போன மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் வாழையைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கட்டுரையின் பொருள் அது என்பதால் சொல்கிறேன். வாழை ஒரு மரமே அல்ல, தண்டெல்லாம் தண்ணீர். குலை தள்ளிய ஏத்தன் காற்றில் இடுப்பு ஒடிந்து விழும். மாவட்டம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகப் படுத்தன. ரப்பர் மரங்களும் முறிந்தன.

மிஞ்சியதைத் தேற்றியும் மறுபடி நட்டும் அடுத்த ஓணத்துக்குத் தயாரானார்கள். 2018 மே மாதம் கேரளத்தில் நிபா வைரஸ் வந்தது. வௌவால் கடித்த பழத்தால் பரவும் என்ற பயத்தில் பழம் வாங்கவே மக்கள் யோசித்தார்கள். ஆகஸ்டில் பெருவெள்ளம். கேரள அரசு அந்த வருட ஓணக் கொண்டாட்டங்களை ரத்து செய்தது. கொண்டாட்டம் இல்லை என்றால் உப்பேரி ஏது? புயலுக்குத் தப்பிய வாழை வெள்ளத்தில் மாட்டியது, அதுவும் பக்கத்து மாநில வெள்ளத்தில்.

2020 நவம்பர் 1 முதல் கேரள அரசு 16 வகைக் காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலையை அமலுக்குக் கொண்டுவந்தது. நேந்திரனுக்குக் கிலோவுக்கு 30 ரூபாய், வயநாட்டு நேந்திரனுக்கு 24. நல்ல திட்டம். ஆனால் அது கேரளத்தில் விளைவதற்கு மட்டும். களியிக்காவிளைக்கு இந்தப் பக்கம் அதே கன்று, அதே மண், அதே சந்தை, ஆனால் பாதுகாப்பு இல்லை. எந்த நாளில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள் பாருங்கள்! நவம்பர் 1 கேரளத்துக்கும் பிறந்தநாள், எங்கள் மாவட்டத்துக்கும் பிறந்தநாள். பிரிந்த நாளிலேயே வந்து விழுந்தது அந்தத் திட்டம்.

ஒரே வகையை நம்புவதில் இன்னொரு ஆபத்து நோய். உலகம் முழுக்க ஏற்றுமதியான குரோ மிஷெல் என்ற வாழை பனாமா வாடல் நோயால் 1960-களுக்குள் சந்தையை விட்டே போனது, கேவண்டிஷ் வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பழனி மலை விருப்பாச்சி வாழையைப் பாருங்கள். ஒரு காலத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்தது முடிக்கொத்து நோயால் சுமார் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. அந்த நோயும் இலங்கையிலிருந்து 1940 வாக்கில் திருவிதாங்கூர் வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வகைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தேன்மட்டி, மலைமட்டி, செம்மட்டி என்று அதற்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு. சந்தோஷமான செய்திதான். குறியீடு வந்தபின் நாகர்கோவிலில் மட்டி விலை கேட்டேன். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வரத்துதான் குறைவு என்றார் கடைக்காரர். குறியீடு பெயரைக் காக்கும், கன்றை யாராவது நட்டால்தான் உண்டு. அறிக்கையில் 'வாழை' என்ற வரிக்குக் கீழே வகைவாரியாக நான்கு வரி கூடுதலாகப் போட்டால் எவ்வளவு செலவாகிவிடும்? எது கூடுகிறது, எது மறைகிறது என்று முதலில் தெரிந்தால்தானே எந்தக் கன்றுக்கு மானியம் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்?

ஒக்கி முடிந்த இரண்டாம் நாள் ஆச்சி வீட்டுக்குப் போனேன். மாமாவின் ஏத்தன் தோட்டம் முழுக்கத் தரையில் கிடந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து யாரோடும் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆச்சியின் மட்டி மூடு மூன்றில் இரண்டு சாய்ந்திருந்தன. சுவரோரம் மறைவாக இருந்த ஒன்று மட்டும் இலையெல்லாம் கிழிந்து நின்றது.

"ஏத்தன் சந்தைக்கு உள்ளது மக்களே, மட்டி நமக்கு உள்ளது" என்று ஆச்சி முன்பே பல தடவை சொல்லியிருக்கிறாள். அன்று அதைச் சொல்லவில்லை. மாமாவுக்குக் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ. மண்வெட்டியை எடுத்து, சாய்ந்த மூட்டைச் சுற்றி மண் அணைக்கச் சொன்னாள். அடுத்த மாசி மாதத்துக்குள் அந்த மூன்று மூட்டிலிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு கன்று கேட்டு வாங்கிப் போனார்கள்.